நெஞ்சில் கருவி தாங்கியவர் ஓடலாமா?

இருதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு, நம் குடும்பங்களில் முதலில் கிடைப்பது தடையுத்தரவே. மாடிப்படி ஏறாதே, சந்தைக்குப் போகாதே, பேரப்பிள்ளையைத் தூக்காதே என்று மனைவி மக்கள் அன்பினால் வேலி போடுவர். நாள்தோறும் விடியலில் எழுந்து ஓடிப் பழகியவராயின், அவருடைய காலணி அன்றே பரண்மேல் ஏறிவிடும். கருவியோ, அவர் பழையபடி நடமாட வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்டது! வைத்த நோக்கம் ஒன்று. வீட்டில் நடப்பது வேறொன்று.

இது சிலருக்கு மட்டுமே உரிய பிரச்சினையன்று. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசன் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார், எம். ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அச்செய்தி கேட்டுத் தோட்டப் பள்ளித் திடல்களில் வெறுங்காலுடன் ஓடிப் பழகிய சிறுவர் சிறுமியர் இன்று எழுபதை எட்டியும் கடந்தும் நிற்பவர்கள். பேஸ்மேக்கர் பெரும்பாலும் தேவைப்படும் வயதும் அதுவே. அவர்களில் பலர் இன்றும் காலையில் கிள்ளான் பண்டமாரான் பக்கமோ தித்திவங்சா ஏரிக்கரையிலோ ஓடுகிறவர்கள். அவர்களை ஒரேயடியாக நாற்காலியில் அமர்த்திவிடுவது நன்மையா? சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் மலிந்த நம் சமூகத்தில், உட்கார்ந்தே இருப்பதன் கேடு ஓடுவதன் கேட்டினும் பெரிது என்பதை மறக்கலாகாது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். இருதய நோய் என்றாலே இரத்தக் குழாய் அடைப்பு என்று பலர் கொள்கின்றனர். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் வேறு, விளக்கெரிய மின்சாரம் கொண்டுவரும் கம்பி வேறு அல்லவா? இருதயத்துக்கும் இரண்டும் உண்டு. மாரடைப்பு குழாயில் வரும் கோளாறு. பேஸ்மேக்கர் தீர்த்துவைப்பது கம்பியில் வரும் கோளாற்றை மட்டுமே. குழாய் அடைப்பும் உடன் இருக்குமானால் கருவி அதைப் போக்காது. அதற்குத் தனிச் சோதனையும் தனி மருத்துவமும் வேண்டும். ஓடத் தொடங்குமுன் இதை அறிந்துகொள்வது அவசியம்.

தோட்டத்துக் காலைப் பெரட்டை அறிந்தவர்களுக்கு இருதயத்தின் மின்னோட்டத்தை விளக்குவது எளிது. விடியலில் மணி அடிக்கும்; ஆட்கள் திரள்வர்; கங்காணி சற்று நிறுத்திப் பெயர் பார்த்து நிரைநிரையாக அனுப்புவார். இருதயத்தின் வலது மேலறைச் சுவரில் ஒரு சிறு திசு முடிச்சு உண்டு. அதுவே மணி. அங்கே பிறக்கும் மின்துடிப்பு இரு மேலறைகளிலும் பரவி அவற்றைச் சுருக்குகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இரண்டாவது முடிச்சு ஒன்று, கங்காணியைப்போல, அந்தச் செய்தியை ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் நிறுத்திவைத்துப் பிறகு கீழே அனுப்புகிறது. மேலறை இரத்தத்தைக் கொட்டி முடித்தபின் கீழறை சுருங்குவதற்கே இந்தத் தாமதம்.

மணியாகிய அந்த முதல் முடிச்சைக் கண்டறிந்த கதை சுவையானது. 1906-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்னும் அறிஞரின் நாட்டுப்புற வீட்டில் மார்ட்டின் பிளாக் என்னும் மருத்துவ மாணவர், அகழெலியைப் போன்ற ஒரு சிறு பிராணியின் இருதயத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கீத் தம் மனைவியுடன் சைக்கிளில் உலாவிவிட்டுத் திரும்பியபோது, தாம் கண்ட புதுமையை மாணவர் காட்டினார். மறு ஆண்டு இருவர் பெயராலும் அது வெளியாயிற்று. ஆசிரியர் உலாவப் போன நேரத்தில் மாணவர் கண்ட கண்டுபிடிப்பு!

இந்த அமைப்பில் கோளாறு இரண்டு விதமாக வரும். ஓட நினைப்பவர் தமக்கு வந்தது எது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே செல்லக் கூடாது. ஒன்று, மணி அடிப்பவரே தளர்ந்துபோவது. அமர்ந்திருக்கும்போது நாடி 40-க்கு இறங்கும், ஓடினாலும் ஏறாது. மற்றது, மணி ஒழுங்காக அடித்தும் கங்காணி செய்தியை அனுப்பாமல் விடுவது. மேலறை தன் போக்கில் விரைந்து துடிக்கும். கீழறையோ செய்தி கிடைக்காமல் மிக மெதுவாகத் துடிக்கும். இரண்டிலும் தலைசுற்றலும் மயக்கமும் உண்டு. இரண்டிற்கும் பேஸ்மேக்கரே மருந்து. ஆனால் ஓடும்போது இவ்விருவருக்கும் வரும் தொல்லை ஒன்றல்ல.

கருவி என்ன செய்கிறது? அது இருதயத்தைப் பிடித்துத் தள்ளுவதுமில்லை, அழுத்துவதுமில்லை. துடிப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. வரவேண்டிய நேரத்தில் வரவில்லையானால் மிகச் சிறிய மின்துடிப்பு ஒன்றைக் கம்பி வழியாக அனுப்புகிறது. சுருங்கும் வேலையை இருதயத் தசையே செய்கிறது. ஆகவே ஓடினால் கருவி களைத்துவிடும், வெடித்துவிடும் என்பன வீண் அச்சங்கள்.

தொடக்கத்தில் இவ்வளவு அறிவும் அதற்கு இல்லை. 1958 அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகில் முதன்முறையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43. நாளொன்றுக்கு இருபது முப்பது முறை மயங்கி விழுந்துகொண்டிருந்த அவரைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று அவர் மனைவி எல்ஸ்-மரியே, பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்டையும் அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் விடாது நெருக்கினார். மனிதருக்கு ஏற்ற கருவி அதுவரை இல்லை. எல்ம்குவிஸ்ட் மின்னுறுப்புகளைச் சேர்த்து, நம் வீடுகளிலும் புழங்கும் கிவி ஷூ பாலிஷ் டப்பியை அச்சாகக் கொண்டு, பிசின் ஊற்றி வார்த்தெடுத்தார். முதற்கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, இரண்டாவதை வைத்தனர். லார்சன் அதன்பின் 43 ஆண்டுகள் வாழ்ந்து, மொத்தம் 26 கருவிகளை மாற்றி, தம் 86-ஆம் வயதில், 2001-இல், வேறொரு நோயால் காலமானார். கருவி செய்தவரும் அதைப் பொருத்தியவரும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர்.

அந்த நாள் கருவிகள் ஒரே வேகத்தில் துடித்தன. உறங்கினாலும் ஒன்று, ஓடினாலும் ஒன்று. இது ஏன் போதாது என்பதைச் சிறு கணக்கினால் காணலாம். ஓய்வில் இருதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பென்றால் ஏறத்தாழ 5 லிட்டர். விரைந்து ஓடுகிறவருக்கு அதைப் போல் மூன்று மடங்கு வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் செல்லும் இரத்தம் ஓரளவே கூடும். மீதியைத் துடிப்பின் வேகமே ஈடுசெய்ய வேண்டும். நாடி 70-லேயே நின்றால் கால்களுக்குப் பிராணவாயு எங்கிருந்து வரும்? 1980-களில்தான் உடலின் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் கருவிகள் வழக்கத்துக்கு வந்தன.

பத்துமலைப் படியும் கருவியின் தவறும்

மணி தளர்ந்தவருக்கு, அவர் ஓடுகிறார் என்பதைக் கருவி தானே கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கென ‘சென்சர்’ எனப்படும் உணர்வுப் பகுதி உள்ளே உண்டு. பெரும்பாலான கருவிகளில் அது உடலின் குலுக்கத்தை உணர்கிறது. குலுக்கம் மிகுந்தால் ஆள் நடக்கிறார் அல்லது ஓடுகிறார் என்று கொண்டு நாடியை ஏற்றுகிறது. எளிய தந்திரம்; ஆனால் ஏமாறக்கூடியது.

பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை எடுத்துக்கொள்வோம். ஏறுகிறவர் மூச்சு வாங்க, ஒவ்வொரு படியாகக் கால் ஊன்றி மெல்ல ஏறுவார். உழைப்பு மிகுதி, உடல் குலுங்குவது குறைவு. இறங்கும்போது உழைப்பு சொற்பம். ஆனால் ஒவ்வொரு படியிலும் உடல் தொப்பென்று இறங்குவதால் குலுக்கம் மிகுதி. ஆதலால் குலுக்கத்தை மட்டும் நம்பும் கருவி, ஏறும்போது நாடியைப் போதிய அளவு ஏற்றாமல், இறங்கும்போது வேண்டாத வேகத்தைக் கொடுக்கும்! இது வேடிக்கைக்காகச் சொல்லும் கற்பனையன்று. நோயாளிகளைப் படியேற்றி இறக்கிச் சோதித்த மருத்துவர்கள் கண்ட உண்மை. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் ஓடச் செல்லும் பழைய லேக் கார்டன், அதாவது இன்றைய பெர்டானா தாவரவியல் பூங்காவின் மேடுகளிலும் இதே கதைதான். சமதரையில் சுகமாக ஓடியவருக்கு ஏற்றத்தில் கால் பின்னும். தம் உடல் தளர்ந்துவிட்டதென்று அவர் கருதுவார். தளர்ந்தது அவரல்லர்; மேட்டைக் கருவி அறியவில்லை. சைக்கிளிலும் அப்படியே. உடல் அசையாமல் கால் மட்டும் உழைப்பதால் சென்சர் உறங்கிவிடும். மாறாக, குண்டும் குழியுமான சாலையில் மோட்டார் சைக்கிளில் சும்மா உட்கார்ந்து போகிறவரை அது ஓட்டக்காரர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும்.

இக்குறையை நீக்க மூச்சின் அளவை உணரும் சென்சரும், இருதயத் தசை சுருங்கும் வலிமையின் மாற்றத்தை உணரும் சென்சரும் பின்னர் வந்தன. சில கருவிகளில் குலுக்கமும் மூச்சும் சேர்ந்து கணக்கிடப்படுகின்றன. குலுக்க சென்சர் மட்டுமே உள்ளதிலும், எவ்வளவு சிறிய அசைவுக்கு எவ்வளவு விரைவாக நாடி ஏறவேண்டும் என்பதைத் திருத்தியமைக்கலாம். அதற்காக மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்துக் கணினி வழியாகச் செய்துவிடுவர்.

பாதி வழியில் நாடி பாதியாவது

இரண்டாம் வகையினருக்கு, அதாவது மணி நன்றாக அடித்தும் செய்தி கீழே போகாதவர்களுக்கு, சென்சரின் உதவி அவ்வளவாக வேண்டியதில்லை. மேலறையில் ஒரு கம்பி, கீழறையில் ஒரு கம்பி என்று இரண்டு வைத்து, மேலே துடித்தவுடன் கீழேயும் துடிக்கச் செய்கின்றனர். ஓடும்போது அவர்களுடைய சொந்த மணியே விரைகிறது, கருவி பின்தொடர்கிறது. இயற்கைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு இதுவே. ஆனால் இங்கும் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கருவி சிறிது நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். மேலறைச் செய்தியைக் கேட்டதும் கங்காணியைப்போலச் சற்றுத் தாமதிக்கும். அது 150 மில்லிநொடி என்று கொள்வோம். கீழறை துடித்த பிறகு, அதன் எதிரொலியைப் புதுச் செய்தி என்று எண்ணி ஏமாறாதிருக்க, மேலும் 250 மில்லிநொடி மேலறையைக் கேளாது. ஆகமொத்தம் 400 மில்லிநொடி. ஒரு நிமிடத்தின் 60,000 மில்லிநொடிகளை 400-ஆல் வகுத்தால் 150 வரும். மேலறையின் வேகம் 150-ஐத் தாண்டிய கணமே, ஒன்றுவிட்டு ஒரு செய்தி, கருவி கண்மூடியிருக்கும் நேரத்தில் போய் விழும். விளைவு? கீழறையின் துடிப்பு 150-லிருந்து ஏறத்தாழ 75-க்குச் சட்டென்று விழுந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் நிற்பார், கண் இருளும், கால் ஈயமாகும். சற்று நின்றால் சரியாகிவிடும். மீண்டும் ஓடினால் மீண்டும் அதே இடத்தில் அதே கதை.

இதற்கும் முன்னதாக ஒரு வரம்பு இருக்கிறது. கீழறையை இவ்வளவுக்கு மேல் துடிக்க விடாதே என்று கருவிக்கு மேலெல்லை ஒன்று குறிக்கப்படும். பெரும்பாலும் அது 130 அளவில் இருக்கும். அமைதியாக நடமாடும் முதியவருக்கு அது போதும். 220-லிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய உச்ச நாடி தோராயமாகக் கிடைக்கும் என்பது பழைய வாய்ப்பாடு. அதன்படி அறுபது வயது ஓட்டக்காரருக்கு 160. கருவி 130-இல் நின்றுவிட்டால் இடையிலுள்ள 30 துடிப்பு எங்கே போயிற்று? அதுதான் அவருடைய மூச்சிரைப்பு.

இத்தகையோர் செய்யக்கூடாதது, ‘இனி நம்மால் இவ்வளவுதான்’ என்று ஓட்டத்தைக் கைவிடுவது. செய்யவேண்டியது, எத்தனை நிமிடம் ஓடியபின், எந்த வேகத்தில், என்ன நேர்ந்தது என்று குறித்துக்கொண்டு, பேஸ்மேக்கர் சோதனைப் பிரிவில் சொல்வது. டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தால் கோளாறு அங்கேயே தென்பட்டுவிடும். தாமத நேரங்களைச் சுருக்கி, எல்லையை உயர்த்தி அமைக்கலாம். ஆனால் எல்லையை எல்லாருக்கும் உயர்த்திவிட முடியாது. குழாய் அடைப்பு உள்ளவருக்கும், மேலறை தாறுமாறாகப் படபடக்கும் நோய் உள்ளவருக்கும் அந்த எல்லை ஒரு காவல். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. தாம் ஓடுகிறவர் என்று நோயாளி சொல்லாவிட்டால் அந்த எண்களை மாற்றவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மறுபடி ஓடத் தொடங்குவது ஒரே நாளில் ஆகிற காரியமன்று. மெல்ல நடப்பதை மருத்துவர் சில நாட்களிலேயே அனுமதிப்பர். கம்பியின் நுனி இருதயத் தசையில் பதிந்து நிலைக்கும் வரை, அதாவது நான்கு முதல் ஆறு வாரம் வரை, கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. பாரமும் சுமக்கக் கூடாது. அதற்காகக் கையைத் தூளிபோல் கட்டித் தொங்கவிடுவதும் தவறு. தோள் மூட்டு இறுகிப்போய்விடும். காயம் ஆறி, முதற்சோதனை முடிந்தபின், மூன்று நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று தொடங்கி வாரந்தோறும் ஓட்டத்தைக் கூட்டலாம். மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் நாடியை முழுதும் நம்பவேண்டாம். அது கருவி போடும் எண், உழைப்பின் எண்ணன்று. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல். நம் ஊர் வெக்கையில் நாடி தானாகவே ஏறும்; ஆகையால் விடியற்பொழுதே ஏற்றது. தலைசுற்றல், நெஞ்சுவலி, ஓயாத விக்கல், கருவி வைத்த இடத்தில் சிவப்போ வீக்கமோ கண்டால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவியின் அடையாள அட்டை ஓடும்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஓட்டத்தைவிட மற்ற சில பயிற்சிகளே கருவிக்கு ஆபத்தானவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கம்பி பெரும்பாலும் கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே செல்கிறது. மல்லாந்து படுத்துப் பளு தூக்கினால், இரு எலும்புகளும் கம்பியைக் கத்தரிபோல் நெரித்து, ஆண்டுக்கணக்கில் அதை முறித்துவிடக்கூடும். பூப்பந்தில் ஓங்கி அடிப்பவர் எந்தக் கையால் ஆடுகிறார் என்பதை முன்கூட்டியே சொன்னால், கருவியை மறுபக்கம் வைப்பர். சிலம்பம் ஆடுவோர் நெஞ்சில் அடிபடும் ஆட்டத்தை விட்டுவிடுவதே நன்று. தனியே கம்பு சுழற்றலாம். தைப்பூசத்தில் காவடி எடுப்போர் அதன் பாரமும் வாரும் கருவியின்மேல் அழுத்தாதபடி முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இங்கே இன்னொரு கருவியையும் பிரித்தறிய வேண்டும். டென்மார்க்கின் காற்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12-ஆம் நாள் கோப்பன்ஹேகன் திடலில் இருதயம் நின்று விழுந்ததும், பிழைத்து 2022 பிப்ரவரியில் மறுபடி ஆட வந்ததும் பலர் நினைவிலிருக்கும். அவர் நெஞ்சில் வைத்தது சாதாரண பேஸ்மேக்கர் அன்று. இருதயம் தாறுமாறாகத் துடித்தால் மின்னதிர்ச்சி கொடுத்து நிலைநிறுத்தும் கருவி. அதைத் தாங்கியவர்களுக்கு விதிகள் வேறு, எச்சரிக்கையும் மிகுதி. அவரைப் பார்த்து இவரும், இவரைப் பார்த்து அவரும் முடிவு செய்யலாகாது.

கம்பியே முறிகிறதென்றால், கம்பியில்லாமல் செய்ய முடியாதா? அதுவும் வந்துவிட்டது, அதில் கோலாலம்பூருக்கும் பங்குண்டு. பெரிய வைட்டமின் மாத்திரை அளவே உள்ள, சுமார் 2 கிராம் எடைகொண்ட பேஸ்மேக்கரைத் தொடை இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள்ளேயே கொண்டு நிறுத்தும் முறையைப் பத்தொன்பது நாடுகளில் சோதித்தனர். 725 பேரில் 719 பேருக்கு அது வெற்றியாகப் பொருத்தப்பட்டது. 2016-இல் அமெரிக்க மருத்துவ இதழில் அச்சான அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர், ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய இருதயக் கழகத்தின் மருத்துவர் ரசாலி ஓமார். தோளில் கம்பி இல்லாததால் கை வீசி ஓடுவதற்கும் பந்தடிப்பதற்கும் தடையில்லை. குலுக்கத்தை உணரும் சென்சரும் அந்தச் சிறு உருளைக்குள் அடங்கியிருக்கிறது. குறை ஒன்றுண்டு. அது கீழறையில் மட்டும் இருப்பது. மேலறையின் மணி நன்றாக அடிப்பவருக்கு அந்த மணியைக் கேட்டு உடன்செல்லும் திறம் முதலில் அதற்கு இல்லை. பின்னர் வந்த வகை, மேலறையின் அசைவைக் கொண்டு ஊகித்துத் தொடர்கிறது, ஆனால் நாடி விரையும்போது பின்தங்குவதுண்டு. ஆகவே இரண்டாம் வகைக் கோளாறுள்ள ஓட்டக்காரருக்கு இரட்டைக் கம்பிக் கருவியே பெரும்பாலும் பொருந்திவந்தது. 2023-இல், மேலறைக்கு ஒன்று கீழறைக்கு ஒன்று என இரு சிறு உருளைகளை வைத்து, அவை துடிப்புக்குத் துடிப்பு உடலின் வழியாகவே ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.